கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆகாத மடிக்கணினி: பிராட்காம் வைஃபை டிரைவர், டிகேஎம்எஸ், காணாமல் போன இனிட்ராம்எஃப்எஸ்

#1 வைகைக்கரை

உபுண்டு 22.04, 64 பிட். வைஃபை அட்டை பிராட்காம் பிசிஎம்43142, பிசிஐ எண் 14இ4:4365. 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாக பிசிஎம்டபிள்யூஎல்-கர்னல்-சோர்ஸ் போட்டிருக்கிறது. 6.2.0-39 கர்னலில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அப்டேட்டில் 6.5.0-14 வந்தது. இப்போது பூட் செய்தால் கறுப்புத் திரை, கடைசி வரி இது:

கர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)

கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. கிரப் மெனுவில் (எந்தக் கர்னலில் பூட் செய்வது என்று கேட்கும் பட்டியல்) பழைய 6.2-ஐத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போக முடிகிறது, வைஃபையும் கிடைக்கிறது. எஸ்எஸ்டியில் கோளாறா, டிரைவரில் கோளாறா? மொத்தமாக அழித்து மறுபடி நிறுவாமல் சரிசெய்ய வழி வேண்டும்.

#2 பொன்வண்டு

கிரப்ல 'ஈ' கீயை அழுத்தி நோமோட்செட் சேர்த்துப் பாருங்க. கறுப்புத் திரைக்கு அதுதான் முதல்ல செய்யறது.

#3 கர்னல்குடில்

நோமோட்செட் இங்கே உதவாது பொன்வண்டு. அது கிராபிக்ஸ் டிரைவருக்கான பாராமீட்டர். இந்தப் பேனிக் வருவது ரூட் பார்ட்டிஷனைக் கர்னல் இன்னும் தொடவே இல்லாத கட்டத்தில்.

வைகைக்கரை, எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய கர்னல் அதே எஸ்எஸ்டியிலிருந்துதானே பூட் ஆகிறது. டபிள்யூஎல் டிரைவரும் (உங்கள் பிராட்காம் வைஃபை டிரைவர்) நேரடியாகக் கர்னலைக் கவிழ்க்கவில்லை. அது ஏறும் கட்டம் வரவே இல்லை. நடந்தது வேறு.

புதிய கர்னல் பேக்கேஜ் இறங்கியதும் /இடிசி/கர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி என்ற ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்டுகள் பெயர் வரிசைப்படி ஓடும். நமக்கு முக்கியமானவை மூன்று: முதலில் டிகேஎம்எஸ், அடுத்து இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், கடைசியாக ஸெட்ஸெட்-அப்டேட்-கிரப். டிகேஎம்எஸ் என்பது டபிள்யூஎல் மாட்யூலைப் புதிய கர்னலுக்காகக் கம்பைல் செய்வது. கம்பைல் தோற்றால் அது பிழையோடு வெளியே வரும். இந்த ஸ்கிரிப்டுகளை ஓட்டும் ரன்-பார்ட்ஸ், முதல் பிழையிலேயே நின்றுவிடும்படி அழைக்கப்படுகிறது. அதனால் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் பார்ட்டிஷனைத் திறக்கும் முன் கர்னல் நினைவகத்தில் ஏற்றிப் பயன்படுத்தும் சிறு கோப்புத் தொகுப்பு) உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஓடாது. கர்னல் கோப்பு மட்டும் /பூட்டில் தனியாகக் கிடக்கும். பிற்பாடு வேறு ஏதாவது ஒரு பேக்கேஜ் அப்டேட்-கிரப்பை ஓட்டினால், கிரப் அந்தக் கோப்பைப் பார்த்து மெனுவில் சேர்த்துவிடும். இனிட்ஆர்டி கோப்பு, அதாவது அந்த இனிட்ராம்எஃப்எஸ், இல்லாததால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டுவிடும்.

கிரப் வழக்கமாகக் கர்னலுக்குச் சொல்வது 'ரூட்=யுயுஐடி=...' என்று. ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடி என்ற அடையாள எண்ணைப் பார்த்து இது எந்தப் பார்ட்டிஷன் என்று கண்டுபிடிக்கும் வேலை இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் நிரல்களுடையது. கர்னலுக்குத் தனியாக அது தெரியாது. எனவே அன்னோன்-பிளாக்(0,0).

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கிரப் மெனுவில் 6.5 வரியின் மேல் நின்று 'ஈ' அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரிக்குக் கீழே 'இனிட்ஆர்டி' என்று தொடங்கும் வரி இருக்கிறதா? பிறகு பழைய கர்னலில் நுழைந்து இவை:

எல்எஸ் -எல் /பூட்
டிஎஃப் -ஹெச் /பூட்
டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்

கட்டளைகளை இந்த இழையில் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள். இரண்டாவது கட்டளை ஏனென்றால், /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து நிரம்பிப் போயிருந்தாலும் இதே பேனிக் வரும். அப்போது டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது.

#4 வைகைக்கரை

இனிட்ஆர்டி வரி இல்லை. /பூட்டில் விஎம்லினஸ்-6.5.0-14-ஜெனரிக் இருக்கிறது, அதற்கு இணையான இனிட்ஆர்டி.ஐஎம்ஜி இல்லை. இடம் தாராளமாக இருக்கிறது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் பிசிஎம்டபிள்யூஎல் 6.30.223.271+பிடிகாம், 6.2.0-39-க்கு மட்டும் 'இன்ஸ்டால்டு'. 6.5 பற்றி ஒரு வரியும் இல்லை.

#5 கர்னல்குடில்

அப்படியானால் விஷயம் உறுதி. இப்போது கம்பைல் ஏன் தோற்றது என்று பார்க்க வேண்டும். பதிவு இருக்கும் இடம்:

/வார்/லிப்/டிகேஎம்எஸ்/பிசிஎம்டபிள்யூஎல்/6.30.223.271+பிடிகாம்/பில்ட்/மேக்.லாக்

இந்தக் கோப்பைக் கீழிருந்து மேலே படிக்காதீர்கள். கடைசி வரிகள் எல்லாம் 'மேக்: எரர் 2' வகைதான், அவற்றில் தகவல் இல்லை. மேலிருந்து தேடி, 'எரர்:' என்று முதலில் வரும் வரியை இங்கே போடுங்கள். மற்ற பிழைகள் பெரும்பாலும் அதன் பின்விளைவுகள்.

#6 வைகைக்கரை

முதல் எரர் வரி: ஜிசிசி: எரர்: அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன் '-எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஸீரோ'. அதற்கு மேலே ஒரு எச்சரிக்கை, கர்னலைக் கட்டிய கம்பைலர் வேறு, இப்போது பயன்படுத்தும் கம்பைலர் வேறு என்று.

#7 கர்னல்குடில்

டிரைவரின் நிரலில் குறை இல்லை, கம்பைலர் பதிப்புதான் பொருந்தவில்லை. 22.04-இன் இயல்பான ஜிசிசி 11. ஆனால் 22.04-க்கான 6.5 ஹெச்டபிள்யூஇ கர்னல் (பழைய உபுண்டு பதிப்புக்குத் தரப்படும் புதிய கர்னல்) ஜிசிசி 12-ஆல் கட்டப்பட்டது. நீங்கள் பார்த்த அந்த ஆப்ஷன் ஜிசிசி 12-இல்தான் வந்தது; 11-க்கு அது புரியாது. டபிள்யூஎல் மட்டுமில்லை, இந்தக் கர்னலில் டிகேஎம்எஸ் வழியாக வரும் எதுவும் இப்படித்தான் விழும்: விர்ச்சுவல்பாக்ஸ், என்விடியா, ரியல்டெக், எல்லாம்.

பழைய கர்னலில் இருந்தபடியே, இந்த வரிசையில்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஜிசிசி-12
சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்
எல்எஸ் -எல் /பூட்

இரண்டாவது கட்டளைதான் உயிர்நாடி. பாதியில் நின்ற கர்னல் பேக்கேஜின் போஸ்ட்இன்ஸ்ட் அங்கே மறுபடி ஓடும். டிகேஎம்எஸ் இம்முறை தேறினால் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் கிரப்பும் தானாக வரும். முதல் கட்டளையின்போதே ஏபிடி பாதியில் நின்ற பேக்கேஜ்களைக் கட்டமைக்க முயன்று மறுபடி பிழை காட்டக்கூடும். பயப்பட வேண்டாம், ஜிசிசி-12 நிறுவப்பட்டுவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

/பூட்டில் 6.5-க்கான இனிட்ஆர்டி கண்ணால் பார்த்த பிறகுதான் ரீஸ்டார்ட். அதுவரை ஏபிடி ஆட்டோரிமூவ் தொடக் கூடாது. உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தப் பழைய கர்னல்.

#8 செம்மண்பாதை

குறுக்கே வருகிறேன். கம்பைல் சரியாகவே ஆகாது என்ற நிலையில் என்ன செய்வது? டெபியன் 12-இல் பேக்போர்ட்ஸ் கர்னல் போடுபவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது: கர்னல் புதிது, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் (இதே டபிள்யூஎல் டிரைவரின் டெபியன் பேக்கேஜ்) பழையது.

#9 கர்னல்குடில்

இந்த டிரைவரின் வரலாறு தெரிந்தால் காரணம் விளங்கும். டபிள்யூஎல்லின் கடைசி வெளியீடு 6.30.223.271, ஆண்டு 2015. அதன் நடுப்பகுதி மூலநிரல் இல்லாத ஒரு கட்டிய ஆப்ஜெக்ட் கோப்பு. அதைச் சுற்றியுள்ள மெல்லிய சி நிரலை மட்டுமே நம்மால் திருத்த முடியும். கர்னலோ தன் உள்புற ஃபங்ஷன்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது. 5.6-இல் ஐஓரீமேப்_நோகேஷ் நீக்கப்பட்டது. 6.12-இல் ஏஎஸ்எம்/அன்அலைன்ட்.ஹெச் தலைப்புக்கோப்பு லினக்ஸ்/ ஃபோல்டருக்கு இடம் மாறியது. 6.15-இல் டெல்_டைமர் போனது. ஒவ்வொரு தடவையும் டெபியன், உபுண்டு, ஆர்ச் பராமரிப்பாளர்கள் ஒரு பேட்ச் எழுதிச் சேர்த்தால்தான் இந்த டிரைவர் உயிரோடு இருக்கும். மேக்.லாக்கில் இந்தப் பெயர்களில் ஒன்று 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' என்றோ 'நோ சச் ஃபைல்' என்றோ வந்தால், உங்கள் டிரைவர் பேக்கேஜ் உங்கள் கர்னலைவிடப் பழையது என்று அர்த்தம்.

ஆகவே முதல் விதி: கர்னல் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறதோ, டிரைவர் பேக்கேஜும் அதற்கு ஈடான காலத்ததாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் டிரைவரை விலக்கிவிட்டு முதலில் கணினியை எழுப்புங்கள்:

சூடோ டிகேஎம்எஸ் ரிமூவ் பிராட்காம்-எஸ்டிஏ/6.30.223.271 --ஆல்
சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே அந்தக் கர்னலின் முழுப் பதிப்புப் பெயர்
சூடோ அப்டேட்-கிரப்

இதில் '--ஆல்' பழைய கர்னலுக்கான மாட்யூலையும் சேர்த்தே எடுத்துவிடும். வைஃபை எல்லாக் கர்னலிலும் போகும். அதனால் கேபிளோ யுஎஸ்பி டெதரிங்கோ கையில் இருக்கும்போது செய்யுங்கள். டிபிகேஜி எல்லாவற்றையும் முடித்திருந்தால் மூன்றாவது வரி தேவைப்படாது. கோப்பு ஏற்கெனவே இருந்தால் -சி-க்குப் பதில் -யு.

#10 நீலகிரிநிழல்

டிகேஎம்எஸ் தோற்றாலும் மற்ற ஸ்கிரிப்டுகள் ஓடும்படி, /இடிசி/கர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி/டிகேஎம்எஸ் கோப்பின் கடைசியில் 'எக்சிட் 0' போட்டுவிட்டால் என்ன? வைஃபை இல்லாவிட்டாலும் பூட் ஆகுமே.

#11 செம்மண்பாதை

அப்படிச் செய்ய வேண்டாம். அது டிகேஎம்எஸ் பேக்கேஜின் கான்ஃபிக் கோப்பு. அடுத்த அப்டேட்டில் 'உங்கள் திருத்தத்தை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா' என்று கேட்கும். அதைவிட மோசம், என்விடியா மாதிரி தேவையான மாட்யூல் தோற்றாலும் சத்தமே வராது; திரை இருண்ட பிறகுதான் தெரியும்.

டிகேஎம்எஸ்ஸிலேயே இதற்கு இடம் உண்டு. /இடிசி/டிகேஎம்எஸ்/பிராட்காம்-எஸ்டிஏ.கான்ஃப் என்று ஒரு கோப்பு உருவாக்கி, அதில் பில்ட்_எக்ஸ்க்ளூசிவ்_கர்னல் என்ற மாறிக்கு, இந்த டிரைவர் தேறும் கர்னல் பதிப்புகளை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகக் கொடுக்கலாம். உதாரணத்துக்கு 6.1 தொடருக்கு மட்டும் என்றால் மதிப்பு '^6\.1\.'. மற்றக் கர்னல்களில் டிகேஎம்எஸ் இந்த ஒரு மாட்யூலை மட்டும் தாண்டிப் போகும். பழைய டிகேஎம்எஸ் பதிப்புகள் தாண்டுவதையும் பிழையாகவே திருப்பித் தந்தன, எனவே டிகேஎம்எஸ் 3 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

#12 பொன்வண்டு

எனக்கு வேற மாதிரி ஒரு கேஸ் கையில இருக்கு. பேனிக் இல்ல. இனிட்ஆர்டி இருக்கு. பூட் பாதி வரைக்கும் போகுது, அப்புறம் நின்னுடுது. 'கொயட் ஸ்ப்ளாஷ்' எடுத்துட்டுப் பாத்தா கடைசியில சிஸ்டம்டி-யுடெவ்டி 'ஒர்க்கர் ப்ராசஸிங் ... இஸ் டேக்கிங் எ லாங் டைம்'னு வருது. இதுவும் டபிள்யூஎல்தான். என்ன வித்தியாசம்?

#13 கர்னல்குடில்

நல்ல கேள்வி. இது உண்மையிலேயே டிரைவர் ஏறும்போது நிகழ்வது.

இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் வைஃபை டிரைவர்களை வழக்கமாக இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் வைப்பதில்லை. ரூட் மவுன்ட் ஆன பிறகு யுடெவ், பிசிஐயில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் மாட்யூலை ஏற்றும். டபிள்யூஎல் அங்கே முடங்கினால் யுடெவ் ஒர்க்கர் காத்திருக்கும். 180 விநாடிக்குப் பிறகு அதைக் கொல்லப் பார்க்கும். கர்னலுக்குள் சிக்கிய ஒர்க்கர் சாகாது. ஆகையால் 3 நிமிடம் பொறுத்துப் பார்த்தும் நகரவில்லை என்றால் இந்தப் பிரிவு.

உள்ளே நுழைய: கிரப்பில் 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு

மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=டபிள்யூஎல்

சேர்த்து, கன்ட்ரோல்+எக்ஸ் அல்லது எஃப்10. இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். இணையத்தில் பல இடங்களில் மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்=டபிள்யூஎல் என்று எழுதியிருப்பார்கள். அது வன்பொருளைக் கண்டு தானாக ஏற்றுவதைத்தான் தடுக்கும்; யாராவது ஸ்கிரிப்ட் பெயர் சொல்லி மாட்ப்ரோப் டபிள்யூஎல் என்று அழைத்தால் ஏறிவிடும். மாட்யூல்_பிளாக்லிஸ்ட் கர்னலே மறுப்பது, யார் கேட்டாலும் ஏறாது. சோதனைக்கு அதுதான் நம்பகமானது.

இப்படிச் சேர்த்ததும் பூட் ஆனால் குற்றவாளி டபிள்யூஎல்தான். பிறகு இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, இரண்டு டிரைவர்கள் ஒரே அட்டைக்குச் சண்டையிடுவது. பி43, பிசிஎம்ஏ, எஸ்எஸ்பி, பிஆர்சிஎம்எஸ்மேக் இவை டபிள்யூஎல்லோடு சேர்ந்து ஏறக் கூடாது. டிரைவர் பேக்கேஜ் இவற்றைத் தடுக்கும் கோப்பை /இடிசி/மாட்ப்ரோப்.டி-யில் வைக்கும். உபுண்டுவில் பெயர் பிளாக்லிஸ்ட்-பிசிஎம்43.கான்ஃப், டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்.கான்ஃப். இந்த ஃபோல்டரின் நகல் ஒன்று இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் போகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இங்கே கோப்பைத் திருத்திவிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டாவிட்டால் உள்ளே பழைய நகல்தான் இருக்கும், பிசிஎம்ஏ முந்திக்கொள்ளும்.

இரண்டு, ஐபிடி. பொன்வண்டு, அந்தக் கணினியில் ப்ராசஸர் என்ன?

#14 பொன்வண்டு

12-வது தலைமுறை ஐ5. டெஸ்க்டாப். 14இ4:43ஏ0 அட்டையை பிசிஐஇ அடாப்டர்ல மாட்டியிருக்காங்க. கர்னல் 6.8.

#15 கர்னல்குடில்

அப்படியானால் ஐபிடியாகத்தான் இருக்கும். இன்டெல் 11-வது தலைமுறையிலிருந்து ப்ராசஸரில் மறைமுகத் தாவல்களைக் கண்காணிக்கும் வசதி வந்தது. தாவிச் சேரும் இடத்தில் எண்ட்பிஆர் என்ற கட்டளை இல்லையென்றால் ப்ராசஸர் பிழை எழுப்பும். லினக்ஸ் 5.18-இல் இதற்கான ஆதரவு சேர்ந்தது, 6.2-இலிருந்து இயல்பாகவே இயக்கத்தில் வருகிறது. 2015-இல் கட்டிய டபிள்யூஎல் ஆப்ஜெக்ட் கோப்பில் எண்ட்பிஆர் கிடையாது. மூலநிரல் இல்லாததால் யாராலும் மறுபடி கட்டவும் முடியாது.

உறுதிப்படுத்த, மேலே சொன்ன பிளாக்லிஸ்டோடு உள்ளே போய் முந்தைய பூட்டின் கர்னல் பதிவைப் பாருங்கள்:

ஜர்னல்சிடிஎல் -கே -பி -1

அதில் 'மிஸ்ஸிங் எண்ட்பிஆர்' என்று இருந்தால் சந்தேகமே இல்லை. சில நேரம் பதிவே இருக்காது. ஜர்னல் சாதாரணச் செய்திகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் உறுதியாக எழுதும். உறைந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அவை போயே போகும். உறைந்த நிலையில் ஆல்ட்+சிஸ்ஆர்க்யூ பிடித்தபடி எஸ், யு, பி மூன்றையும் இடைவெளி விட்டு அழுத்துங்கள். உபுண்டுவின் இயல்பு அமைப்பான 176 இந்த மூன்றையும் அனுமதிக்கிறது.

தீர்வு, கிரப் வரியில் ஐபிடி=ஆஃப். வேலை செய்தால் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரியில் சேர்த்து அப்டேட்-கிரப். ஆனால் ஒரு பாதுகாப்பு அரணை ஒரு வைஃபை அட்டைக்காக அணைக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். டெஸ்க்டாப் என்கிறீர்கள், அட்டையை மாற்றுவதே முறை.

#16 பொன்வண்டு

'மிஸ்ஸிங் எண்ட்பிஆர்' இருக்கு சார், அப்படியே. ஐபிடி=ஆஃப் போட்டதும் பூட் ஆச்சு. அட்டையை மாத்தச் சொல்லிட்டேன்.

#17 கடலோரக்கணினி

பிசிஎம்43142-க்கு பி43 போட்டால் டிகேஎம்எஸ் தொல்லையே இல்லையே? அது கர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

#18 செம்மண்பாதை

பிசிஎம்43142-ஐ பி43 ஆதரிப்பதில்லை. பிராட்காம் என்றாலே ஒரே டிரைவர் என்று நினைப்பதால்தான் பாதிப் பிரச்சினை. முதலில் எண்ணைப் பாருங்கள்:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

14இ4-க்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம்தான் முடிவு செய்யும். 4365 என்றால் 43142, டபிள்யூஎல் மட்டும். 43பி1 (4352), 43ஏ0 (4360) இவையும் நடைமுறையில் டபிள்யூஎல்தான். ஆனால் 4315 (4312) பி43-இல் நன்றாக ஓடும், ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் வேண்டும். 4331 எண்ணுக்கும் பி43. 4727 (4313), 4353 (43224), 4357 (43225) மூன்றுக்கும் கர்னலிலேயே உள்ள பிஆர்சிஎம்எஸ்மேக். 43பிஏ (43602) என்றால் பிஆர்சிஎம்எஃப்மேக்.

4315 முதல் 43பிஏ வரை சொன்ன அட்டைகளை வைத்திருப்பவர்கள் 'அடிஷனல் டிரைவர்ஸ்' காட்டினாலும், யாரோ சொன்னாலும் டபிள்யூஎல் போடவே வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் ஏபிடி பர்ஜ் செய்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டி, ரீஸ்டார்ட். பர்ஜ் முக்கியம்; வெறும் ரிமூவ் பிளாக்லிஸ்ட் கோப்பை விட்டுவிட்டுப் போகலாம், அப்புறம் சரியான டிரைவரும் ஏறாது.

#19 மாலைவெயில்

பழைய கர்னல் ஏற்கெனவே ஆட்டோரிமூவில் போய்விட்டது, மெனுவில் இருப்பது ஒன்றுதான், அதுவும் பேனிக். ரூட் பார்ட்டிஷன் லக்ஸ் என்கிரிப்ஷனில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

#20 கர்னல்குடில்

லைவ் யுஎஸ்பி, அதே உபுண்டு பதிப்பு. அதில் பூட் செய்து டெர்மினலைத் திறங்கள். எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று கொடுத்து எது ரூட், எது /பூட், எது இஎஃப்ஐ என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே என்விஎம்இ0என்1பி1 இஎஃப்ஐ, பி2 /பூட், பி3 லக்ஸ் என்று வைத்துச் சொல்கிறேன்.

சூடோ கிரிப்ட்செட்அப் ஓப்பன் /டெவ்/என்விஎம்இ0என்1பி3 பெயர்

அந்த 'பெயர்' உங்கள் /இடிசி/கிரிப்ட்டேப் கோப்பின் முதல் பத்தியில் உள்ள அதே பெயராக இருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஏதோ ஒரு பெயரில் திறந்து, மவுன்ட் செய்து, கிரிப்ட்டேப்பைப் படித்து, மூடிவிட்டுச் சரியான பெயரில் மறுபடி திறக்கவும். வேறு பெயரில் திறந்தபடியே இனிட்ராம்எஃப்எஸ் கட்டினால் பாஸ்வேர்ட் கேட்கும் பகுதி உள்ளே போகாமல் போகலாம். அப்போது பேனிக்குக்குப் பதில் பிஸிபாக்ஸ் ப்ராம்ட்டில் போய் நிற்பீர்கள்.

எல்விஎம் இருந்தால் விஜிசேஞ்ச் -ஏ ஒய். பிறகு ரூட்டை /எம்என்டி-யில் மவுன்ட் செய்து, அதற்குள் பி2-ஐ /எம்என்டி/பூட், பி1-ஐ /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ. அடுத்து டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் மவுன்ட் --ஆர்பைண்ட் கொடுத்து உள்ளே இணைத்துவிட்டு, உங்கள் சிஸ்டத்துக்குள் நுழையும் கட்டளை:

சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி

'ரன்' இணைக்காமல் விட்டால் உள்ளே இணையம் கிடைக்காது, ஏனென்றால் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் அங்கேதான் சுட்டுகிறது. /பூட்டை மவுன்ட் செய்ய மறந்தால் இன்னும் கொடுமை: எல்லாக் கட்டளையும் வெற்றி என்று காட்டும், கோப்புகள் ரூட்டில் உள்ள காலி ஃபோல்டருக்குள் எழுதப்படும், ரீஸ்டார்ட் செய்தால் அதே பேனிக்.

உள்ளே போனதும் #7 அல்லது #9-இல் உள்ள வரிசை. ஒரு வேறுபாடு: சிஹெச்ரூட்டுக்குள் யுநேம் -ஆர் லைவ் யுஎஸ்பியின் கர்னலைத்தான் சொல்லும். அதை நம்பிக் கட்டளைகளில் போடாதீர்கள். எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ் பார்த்து, உங்கள் கணினியின் கர்னல் பெயரைக் கையால் எழுதுங்கள்.

#21 நீலகிரிநிழல்

ரியல்டெக் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்றைச் சேர்க்கிறேன். பூட் கிட்டத்தட்ட முடிந்து லாகின் திரை வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டிஎல்8723பிஇ உள்ள மடிக்கணினிகளில் 'பிசிஐஇ பஸ் எரர்: சிவியரிட்டி=கரெக்டட்' என்ற வரி நிற்காமல் ஓடி, /வார்/லாக்/கர்ன்.லாக்கையும் சிஸ்லாக்கையும் பல ஜிபிக்குக் கொண்டுபோய்விடும். ரூட்டில் இடம் இல்லாவிட்டால் லாகின் மேனேஜர் எழும்பாது.

கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்திக் கன்சோலில் நுழைந்து:

சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /வார்/லாக்/கர்ன்.லாக்
சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /வார்/லாக்/சிஸ்லாக்
சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்

ஆர்எம் கொடுத்து அழிக்காதீர்கள். ஆர்சிஸ்லாக் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருப்பதால் பெயர் போகும், இடம் திரும்பாது.

பிசிஐ=நோஏஇஆர் என்று எங்கும் சொல்வார்கள். அது செய்தியை மட்டும் அடக்கும். காரணம் பெரும்பாலும் மின்சேமிப்பு இணைப்பு நிலையில் இருப்பதால் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் முதலில் முயல வேண்டும். பேட்டரி சற்றுக் குறையும். ஆர்டிஎல்8821சிஇ என்றால் முழு ஏஎஸ்பிஎம்மையும் அணைக்கத் தேவையில்லை, /இடிசி/மாட்ப்ரோப்.டி-யில் ஒரு கோப்பில்

ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1

போதும். அந்த அட்டைக்கான டிரைவர் கர்னல் 5.9-இலேயே சேர்ந்துவிட்டது. பழைய வழிகாட்டியைப் பார்த்துப் போட்ட ஆர்டிஎல்8821சிஇ-டிகேஎம்எஸ் இன்னும் இருந்தால் பர்ஜ் செய்யுங்கள், இந்த இழையின் முதல் பதிவில் உள்ள அதே விபத்துக்கு அதுவும் ஒரு வாசல்.

#22 வைகைக்கரை

ஜிசிசி-12 நிறுவி டிபிகேஜி ஓட்டியதும் 6.5-க்கு டிகேஎம்எஸ் 'இன்ஸ்டால்டு' ஆனது, இனிட்ஆர்டி கோப்பும் வந்தது. பூட் ஆகிறது. ஆனால் வைஃபை இல்லை. மாட்ப்ரோப் டபிள்யூஎல் கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது.

#23 செம்மண்பாதை

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்க மறுக்கும் அமைப்பு). எம்ஓகேயுடில் --எஸ்பி-ஸ்டேட் கொடுத்தால் 'எனேபிள்டு' என்று காட்டும். டிகேஎம்எஸ் மாட்யூலில் கையொப்பம் இட்டிருக்கிறது, அந்தக் கையொப்பச் சாவியை உங்கள் ஃபர்ம்வேர் பக்கம் இன்னும் ஏற்கவில்லை.

சூடோ எம்ஓகேயுடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/எம்ஓகே/எம்ஓகே.டெர்

ஒரு தற்காலிகப் பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை வரும். 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்', அதே பாஸ்வேர்ட், ரீபூட். அந்தத் திரை சில விநாடிதான் காத்திருக்கும். கவனிக்காமல் விட்டால் நேராகப் பூட் ஆகிவிடும், இம்போர்ட்டை மறுபடி செய்ய வேண்டும். டெபியனில் டிகேஎம்எஸ் 3 இருந்தால் சாவி /வார்/லிப்/டிகேஎம்எஸ்/எம்ஓகே.பப்.

#24 வைகைக்கரை

நீலத் திரையில் ஏற்றுக்கொண்டாயிற்று. 6.5-இல் வைஃபை கிடைக்கிறது. டிமெசேஜில் 'யுபிசான்: அர்ரே-இண்டெக்ஸ்-அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ்' என்று டபிள்யூஎல் பெயரில் சில வரிகள் இருக்கின்றன. கவலைப்பட வேண்டுமா? இந்த அட்டையையே மாற்றுவதென்றால் எதை வாங்கலாம்?

#25 கர்னல்குடில்

யுபிசான் வரிகள் எச்சரிக்கைகள்தான்; பழைய பாணியில் அறிவித்த அர்ரேக்களைப் புதிய கர்னல் சந்தேகத்தோடு பார்க்கிறது. பூட்டை நிறுத்தாது.

அட்டை மாற்றுவது பற்றி. பிசிஎம்43142 வந்த மடிக்கணினிகளில் பலவற்றில் இருப்பது அரை அளவு மினி பிசிஐஇ. எம்.2 2230 அட்டை அதில் உட்காராது. முதலில் பின்மூடியைத் திறந்து ஸ்லாட்டைப் பாருங்கள். மினி பிசிஐஇ என்றால் இன்டெல் 7260-இன் ஹெச்எம்டபிள்யூ வகை, அல்லது ஏதெரோஸ் ஏஆர்9462. இரண்டுக்கும் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, டிகேஎம்எஸ் வேண்டாம். எம்.2 ஸ்லாட் என்றால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210; ஏஎக்ஸ்210-க்குக் கர்னல் 5.10 ஆவது வேண்டும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதீர்கள். அவை சிஎன்விஐ வகை, அதற்கென்ற இன்டெல் சிப்செட்டில் மட்டுமே வேலை செய்யும்.

ஆன்டெனா வயரையும் எண்ணுங்கள். 43142 ஒற்றை ஆன்டெனா அட்டை, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும். சில மடிக்கணினிகளில் ஒரே ஒரு வயர்தான் இழுத்திருப்பார்கள். இரட்டை ஆன்டெனா அட்டையில் அதை 'மெயின்' முனையில் மாட்டினால் ஓடும், முழு வேகம் வராது. மினி பிசிஐஇ முனையும் எம்.2 முனையும் அளவில் வேறு, மாற்றி அழுத்தினால் உடையும்.

பயாஸ் வைட்லிஸ்ட் இன்னொரு தடை. அந்தக் காலத்து ஹெச்பி மாடல்கள் சிலவற்றில் அங்கீகரிக்காத அட்டையைப் போட்டால் '104-அன்சப்போர்ட்டட் வயர்லெஸ் நெட்வொர்க் டிவைஸ் டிடெக்டட்' என்று சொல்லி நின்றுவிடும். பழைய திங்க்பேடுகளில் 1802 பிழை. கிரப்பே வராது. இதற்கு லினக்ஸில் செய்ய ஒன்றும் இல்லை, அட்டையைக் கழற்ற வேண்டியதுதான். வாங்கும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அனுமதித்த அட்டைகளின் பட்டியல் இருக்கும், பாருங்கள்.

திறக்கவே வேண்டாம் என்றால் யுஎஸ்பி: ஏஆர்9271 (2.4 மட்டும்), எம்டி7612யு (5 ஜிகாஹெர்ட்ஸும் உண்டு). இரண்டும் கர்னல் டிரைவர். பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று போட்டு உள்ளே சிடி தரும் அடாப்டர்கள் வேண்டாம், அந்த சிடியில் இருப்பது இன்னொரு டிகேஎம்எஸ் தலைவலி.

#26 மாலைவெயில்

#20 படி செய்தேன். கிரிப்ட்டேப்பில் பெயர் டிஎம்_கிரிப்ட்-0 என்று இருந்தது, நான் முதலில் வேறு பெயரில் திறந்திருந்தேன். மூடித் திறந்து கட்டியதும் பூட் ஆகிவிட்டது. நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று: ரெக்கவரி மோடில் ரூட் ஷெல்லில் இருந்து இணையம் எடுக்க முடியுமா, லைவ் யுஎஸ்பி இல்லாத சமயத்தில்?

#27 கர்னல்குடில்

முடியும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங்கை இயக்குங்கள். ரூட் ஷெல்லில் ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் திறந்திருக்கும், அதனால்:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /
மவுன்ட் -ஏ
சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்
ஐபி ஏ

கடைசிக் கட்டளையில் யுஎஸ்பி0 அல்லது இஎன்எக்ஸ் என்று தொடங்கும் இன்டர்ஃபேஸுக்கு ஒரு ஐபி முகவரி வந்திருந்தால் ஏபிடி ஓடும். முகவரி வந்தும் பெயர்கள் தீரவில்லை என்றால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் சிஸ்டம்டி-ரிசால்வ்டி. டெதரிங் சுவிட்ச் கேபிளைப் பிடுங்கும்போதெல்லாம் போனில் அணைந்துவிடும், ஒவ்வொரு முறை செருகியதும் மறுபடி இயக்குங்கள்.